கொக்கியும் சிறகும்: ஆன்சிஸ்ட்ரோகிளாடேசி குடும்பத்துக்கு உறவு தேடிய வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில், கொங்கணத்தில் தொடங்கிக் கர்நாடகம் வழியாகக் கேரளம் வரை, ஆன்சிஸ்ட்ரோகிளாடஸ் ஹெய்னியானஸ் என்னும் வன்கொடி வளர்கிறது. முளைத்த பின் சில காலம் வரை அது கொடி என்றே தோன்றாது. நீண்ட, தடித்த இலைகள் ஒரே இடத்திலிருந்து வட்டமாக விரிந்த சிறு செடியாகத்தான் காட்டுத் தரையில் நிற்கும். பின்னர் அதிலிருந்து ஒரு தண்டு கிளம்பி மரங்களின் மேல் ஏறத் தொடங்கும்போதுதான் இக்குடும்பத்துக்கே அடையாளமான உறுப்பு வெளிப்படுகிறது. தண்டின் ஒரு பகுதி கொஞ்ச தூரம் வளர்ந்து, நுனியில் கடிகாரச் சுருள்போல் வளைந்து, ஒரு கொக்கியாக முடிந்துவிடும். வளர்ச்சியை அதற்குக் கீழே உள்ள ஒரு மொட்டு ஏற்றுக்கொண்டு அடுத்த பகுதியை உருவாக்கும். அதுவும் கொக்கியில் முடியும். இளங்கொக்கி மென்மையாக இருக்கும். பக்கத்துக் கிளையொன்று அதில் சிக்கியதும் தடித்து, மரமாக இறுகி, கொடியின் முழுப் பாரத்தையும் தாங்கும் பிடியாகிவிடும்.

ஆன்சிஸ்ட்ரோகிளாடேசி என்ற இந்தக் குடும்பத்தில் ஆன்சிஸ்ட்ரோகிளாடஸ் என்ற ஒரே பேரினமும், அதில் சுமார் 20 சிற்றினங்களும் மட்டுமே உள்ளன. மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் மழைக்காடுகள், கென்யா, தான்சானியா, இந்தியா, இலங்கை, மியான்மர் தொடங்கி மலேசியா வரையிலான தென்கிழக்கு ஆசியா ஆகியவை இதன் வாழிடங்கள். அமெரிக்கக் கண்டங்களில் இது இல்லை, ஆஸ்திரேலியாவிலும் இல்லை. இலங்கையின் தென்மேற்கு ஈரக்காடுகளில் வளரும் ஆன்சிஸ்ட்ரோகிளாடஸ் ஹேமேட்டஸ் உலகில் வேறெங்கும் காணப்படாதது. இந்தியாவின் வடகிழக்கிலும் அந்தமானிலும் இப்பேரினத்தின் வேறு சிற்றினங்கள் உண்டு. தென்னிந்தியாவுக்கு உரியது ஹெய்னியானஸ் ஒன்றே.

இவ்வளவு சிறிய ஒரு கூட்டத்துக்குத் தனிக் குடும்பம் எதற்கு, அந்தக் குடும்பம் எந்தத் துறையில் (உறவுடைய பல குடும்பங்கள் சேர்ந்த பெரும்பிரிவு) அமர வேண்டும், அதன் நெருங்கிய உறவினர் யார் என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்க ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆயின. கண்ணுக்கு முதலில் படும் இரண்டு பண்புகள், அதாவது காயின் சிறகும் தண்டின் கொக்கியும், தாவரவியலாளர்களைத் தொடர்ந்து தவறான திசைக்கு இழுத்துக்கொண்டே இருந்தன. விடை வந்ததோ தாவரச் சேர்மங்களின் வேதியியலிலிருந்தும் டிஎன்ஏ வரிசைகளிலிருந்தும். ஒரு தாவரத்தின் உறவை அறிய எந்த ஒற்றுமையை நம்புவது, எதைத் தள்ளுவது என்ற வகைப்பாட்டியலின் அடிப்படைச் சிக்கலை இவ்வளவு தெளிவாகக் காட்டும் குடும்பங்கள் குறைவு என்பதே இதைப் பற்றி விரிவாக எழுதத் தூண்டுகிறது.

முதல் பெயர்களே குழப்பத்தின் சாட்சிகள். போர்ச்சுகீசியப் பாதிரியாரான லூரெய்ரோ 1790இல் வெளியிட்ட கொச்சின் சீனா (இன்றைய வியட்நாமின் ஒரு பகுதி) தாவர நூலில் இக்கொடியை பெம்பிக்ஸ் என்ற பேரினமாக விவரித்தார். இலங்கைத் தாவரத்தை ஆராய்ந்த டென்மார்க்கின் மார்ட்டின் வால், அதை டில்லீனியேசி குடும்பத்தைச் சேர்ந்த வோர்மியா என்ற பேரினத்தில் சேர்த்து, வோர்மியா ஹேமேட்டா என்று பெயரிட்டார். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த நதானியேல் வாலிக், கிழக்கிந்தியக் கம்பெனியின் உலர் தாவர மாதிரிகளைப் பட்டியலிட்டு ஐரோப்பிய நிலையங்களுக்கு அனுப்பியபோது, 1829இல் ஆன்சிஸ்ட்ரோகிளாடஸ் என்ற பெயரைப் பயன்படுத்தினார். முதலில் வெளியான பெயருக்கே இடம் தரும் முன்னுரிமை விதிப்படி லூரெய்ரோவின் பெயர்தான் நிற்க வேண்டும். ஆனால் வாலிக்கின் பெயர் எங்கும் பரவி நிலைத்துவிட்டதால், தாவரப் பெயரிடல் விதிகளின் கீழ் அதுவே பாதுகாக்கப்பட்ட பெயராக அறிவிக்கப்பட்டு, பெம்பிக்ஸ் விலக்கப்பட்டது. லூரெய்ரோ சூட்டிய சிற்றினப் பெயர் மட்டும் ஆன்சிஸ்ட்ரோகிளாடஸ் டெக்டோரியஸ் என்ற தென்கிழக்கு ஆசியச் சிற்றினத்தின் பெயரில் வாழ்கிறது.

தென்னிந்தியச் சிற்றினத்தின் பெயரில் உள்ள ஹெய்னே, தரங்கம்பாடியோடு தொடர்புடையவர். ஜெர்மானியரான பெஞ்சமின் ஹெய்னே, அன்று டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடிக்கு மொரேவிய சபையின் மிஷனரியாக வந்து, பின்னர் கம்பெனியின் தாவரவியலாளராகச் சாமல்கோட்டையிலும் மைசூர்ப் பகுதியிலும் பணியாற்றினார். தென்னிந்தியாவின் பல தாவரங்கள் ஐரோப்பாவுக்குச் சென்றது இத்தகைய தரங்கம்பாடி வட்டத்தினர் வழியாகத்தான். ஹெய்னியானஸ் என்ற பெயர் 1839இல் ஜான் கிரஹாம் வெளியிட்ட பம்பாய்த் தாவரப் பட்டியலில் அச்சேறியது.

இனி சிறகுக்கு வருவோம். ஆன்சிஸ்ட்ரோகிளாடஸின் பூ சிறியது. ஐந்து புல்லி இதழ்கள், ஐந்து அல்லி இதழ்கள், பெரும்பாலும் பத்து மகரந்தத்தாள்கள் கொண்டது. பூ உதிர்ந்த பிறகு புல்லி இதழ்கள் உதிர்வதில்லை. அவை வளர்ந்து, நரம்புகள் ஓடிய ஐந்து சிறகுகளாகி, ஒற்றை விதை கொண்ட கடினமான காயைச் சுற்றி விரிகின்றன. சிறகுகள் சம அளவில் இருப்பதில்லை. சில நீண்டும் சில குறுகியும் இருக்கும். இந்தக் காயைக் கையில் எடுத்த எந்தத் தாவரவியலாளருக்கும் உடனே நினைவுக்கு வருவது குங்கிலியம் தரும் மரங்களின் குடும்பமான டிப்டெரோகார்பேசி. சால் மரத்தின் காயும் இதே முறையில், புல்லி இதழ்கள் வளர்ந்த சிறகுகளோடுதான் விழுகிறது. எனவே 19ஆம் நூற்றாண்டின் செல்வாக்கு மிக்க வகைப்பாட்டை உருவாக்கிய பெந்தமும் ஹூக்கரும் இக்கொடியை அந்த மரங்களின் குடும்பத்துக்குள்ளேயே வைத்தார்கள். 1870களில் வெளிவந்த பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூலின் முதல் தொகுதியும் அவ்வாறே செய்தது.

அதற்கு முன்பே பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிளான்ஷோன் வேறு கருத்தைச் சொல்லியிருந்தார். இதைத் தனிக் குடும்பமாகப் பிரிக்க வேண்டும் என்பது அவர் முடிவு. அக்குடும்பப் பெயர் 1851ஆம் ஆண்டுக்குரியதாகப் பதிவாகியுள்ளது. காயைப் பிளந்து பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருப்பது தெரியும். டிப்டெரோகார்பேசியில் சூற்பை பொதுவாக மேல்மட்டத்தில், மூன்று அறைகளோடு, அறைக்கு இரண்டு சூல்களோடு இருக்கும். ஆன்சிஸ்ட்ரோகிளாடஸிலோ மூன்று சூலக இலைகள் இணைந்திருந்தும் அறை ஒன்றுதான், சூலும் ஒன்றுதான். சூற்பையின் கீழ்ப்பகுதி புல்லிக் குழலோடு ஒட்டி, பாதி கீழ்மட்டச் சூற்பையாக அமைந்திருக்கும். குங்கிலிய மரங்களின் தண்டில் ஓடும் பிசின் குழாய்கள் இக்கொடியில் கிடையவே கிடையாது. 1895இல் ஜெர்மானியரான கில்க், எங்களர் பதிப்பித்த பெருந்தொகுப்பில் இதைத் தனிக் குடும்பமாக நடத்திய பிறகு பிளான்ஷோனின் கருத்து மெல்ல வேரூன்றியது.

சிறகு ஏமாற்றியதில் வியப்பில்லை. உயரமான இடத்திலிருந்து விதையைக் காற்றில் அனுப்ப வேண்டிய எந்தத் தாவரத்துக்கும் சிறகு பயன்படும். அதனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத குடும்பங்கள் அதைத் தனித்தனியே அடைந்திருக்கின்றன. நம் ஊர்க் குன்றுகளில் வளரும் தணக்கு மரத்தின் காயும் இரண்டு நீண்ட சிறகுகளோடு சுழன்று விழுகிறது. அது லவங்கப்பட்டையின் துறையைச் சேர்ந்தது; சாலுக்கும் அதற்கும் நெருங்கிய உறவே இல்லை.

கொக்கியின் கதையும் இதுதான். ஏறுவதற்குக் கொக்கி தேவைப்பட்ட கொடிகள் கையில் கிடைத்த உறுப்பை வளைத்துக்கொண்டன. மனோரஞ்சிதத்தின் கொக்கி பூக்காம்பு வளைந்து உருவானது. அது சீத்தாப்பழக் குடும்பம். சோழமண்டலக் கடற்கரையின் புதர்க்காடுகளில் மஞ்சள் பூக்களோடு படரும் மோதிரக்கண்ணியில் கொக்கிகள் இணை இணையாகச் சுருண்டிருக்கும். அது ஆளிவிதைச் செடியின் குடும்பமான லைனேசியைச் சேர்ந்தது. ஆன்சிஸ்ட்ரோகிளாடஸின் கொக்கியோ, மேலே சொன்னபடி, தண்டின் நுனியே. வெளித்தோற்றத்தில் மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன. உறுப்பியல் நோக்கில் மூன்றும் வெவ்வேறு பொருள்கள்.

இந்த நிலையில்தான் மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் இன்னொரு சிறு கூட்டம் கவனத்துக்கு வந்தது. டயோன்கோஃபில்லம், ஹேப்ரோபெட்டலம், டிரிஃபியோஃபில்லம் ஆகிய மூன்று பேரினங்களில் தலா ஒரே சிற்றினம் கொண்ட வன்கொடிகள் அவை. அதுவரை ஃபிளக்கோர்ஷியேசி என்ற பெருங்குடும்பத்தில் கிடந்த அவற்றை, கியூ தாவரவியல் தோட்டத்தின் ஏரி ஷா 1950களின் தொடக்கத்தில் டயோன்கோஃபில்லேசி என்ற தனிக் குடும்பமாகப் பிரித்து, ஆன்சிஸ்ட்ரோகிளாடேசியோடும் பூச்சியுண்ணும் தாவரங்களோடும் அவற்றுக்கு உறவு இருக்கலாம் என்று சுட்டினார். உள் அமைப்பையும் சுரப்பிகளையும் பார்த்து அவர் சொன்ன அந்தக் கருத்து, அன்று கிடைத்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் மிகத் துணிவானது. பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. 1981இல் வெளிவந்த கிரான்குவிஸ்டின் வகைப்பாடு இரண்டு குடும்பங்களையும் வயலட் செடிகளின் துறையான வயோலேல்ஸில் வைத்தது. சோவியத் தாவரவியலாளர் தக்தஜான் இதை எங்கும் பொருத்த முடியாமல் ஆன்சிஸ்ட்ரோகிளாடேல்ஸ் என்ற தனித் துறையே அமைத்தார். ஒரு குடும்பத்துக்கு மட்டும் ஒரு துறை என்பது, என் பார்வையில், உறவு தெரியவில்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் வழிதான்.

டிரிஃபியோஃபில்லம் பெல்டேட்டம் என்ற கொடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முடிச்சு அவிழ்ந்தது அங்கேதான். சியரா லியோன், லைபீரியா, ஐவரி கோஸ்ட் ஆகிய நாடுகளின் காடுகளில் வாழும் இக்கொடி தன் வாழ்நாளில் மூன்று வகை இலைகளை உண்டாக்குகிறது. இளம் பருவத்தில் சாதாரண ஈட்டி வடிவ இலைகள் வரும். ஏறும் பருவத்தில் வரும் குட்டையான இலைகளின் நுனியில் நடுநரம்பு இரண்டாகப் பிரிந்து இரு கொக்கிகளாக வளையும். இவ்விரண்டுக்கும் இடையே, ஆண்டின் ஒரு குறுகிய காலத்தில் மட்டும், மூன்றாவது வகை தோன்றலாம். இலைப்பரப்பு ஏறத்தாழ இல்லாமல் நீண்ட நடுநரம்பு மட்டுமே நிற்க, அதன் மேல் காம்புடைய சிவந்த சுரப்பிகள் ஒட்டும் திரவத் துளிகளை ஏந்தி நிற்கும். அதில் சிக்கும் பூச்சிகள் செரிக்கப்படுகின்றன என்பதை கிரீன் இணையரும் யோலாண்டே ஹெஸ்லப் ஹாரிசனும் 1979இல் நிறுவினர். இந்த ஒட்டும் இலைகள் எப்போது தோன்றும் என்பது நீண்ட காலம் புதிராக இருந்தது. ஹானோவர், வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இத்தாவரத்தைச் சோதனைச் சாலையில் வளர்த்து, பாஸ்பரஸ் பற்றாக்குறைதான் இதைத் தூண்டுகிறது என்று 2023இல் காட்டினர். தேவை இருக்கும்போது மட்டும் பூச்சியுண்ணியாகி, தேவை தீர்ந்ததும் சாதாரணக் கொடியாகிவிடும் தாவரம் இது.

இதன் விதையும் தனித்தன்மை உடையது. காய் முதிரும் முன்பே பிளந்துவிடும். உள்ளே இருக்க வேண்டிய விதைகள் நீண்ட காம்புகளில் வெளியே நீட்டிக்கொண்டு, சுற்றிலும் சிறகுடைய பெரிய வட்டத் தகடுகளாகத் திறந்த வெளியிலேயே வளர்ந்து முதிரும். ஆன்சிஸ்ட்ரோகிளாடஸில் சிறகு புல்லி இதழிலிருந்து வந்தது. இங்கே விதையிலிருந்தே வந்தது. அங்கே கொக்கி தண்டு. இங்கே கொக்கி இலையின் நடுநரம்பு. ஆக, நெருங்கிய உறவினர் என்று இன்று நாம் அறியும் இந்த இரண்டு குடும்பங்களை இணைப்பது சிறகோ கொக்கியோ அல்ல. எந்தப் பண்புகள் அவற்றை ஒன்று சேர்ப்பதுபோல் தோன்றினவோ, அவையே நுணுகிப் பார்த்தால் தனித்தனியே உருவானவை.

உறவை உறுதி செய்தது டிஎன்ஏ. 1990களில் பசுங்கணிகத்தின் ஆர்பிசிஎல் மரபணுவை ஒப்பிட்ட ஆல்பர்ட், வில்லியம்ஸ், சேஸ் ஆகியோரின் ஆய்வுகள் பூச்சியுண்ணும் தாவரங்களின் உறவுகளைப் புதிதாக எழுதின. 2000ஆம் ஆண்டில் மைம்பெர்க் குழுவினர் மேட்கே என்ற மற்றொரு மரபணுவைக் கொண்டு செய்த ஆய்வு படத்தை மேலும் தெளிவாக்கியது. குடுவைத் தாவரமான நெப்பந்தஸ், நம் ஊரில் அழுகண்ணி என்று பலரும் அழைக்கும் துரோசெரா, வீனஸ் பூச்சிப் பொறியான டயோனியா, நீரில் மிதக்கும் ஆல்ட்ரோவாண்டா, போர்ச்சுகல், ஸ்பெயின், மொராக்கோ நாடுகளின் வறண்ட மண்ணில் வளரும் துரோசோஃபில்லம், அத்துடன் டயோன்கோஃபில்லேசி ஆகிய எல்லாம் ஒரே கிளையில் வந்தன. அந்தக் கிளையின் நடுவே, பூச்சி எதையும் பிடிக்காத ஆன்சிஸ்ட்ரோகிளாடஸும் வந்து அமர்ந்தது. அதற்கு மிக நெருங்கிய உறவு டயோன்கோஃபில்லேசி. அவை இரண்டுக்கும் அடுத்த உறவு துரோசோஃபில்லம்.

இந்தக் கிளைப்படத்தின் பொருளை ஊன்றிப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள உறவினர் எல்லாம் பூச்சியுண்ணிகளாக இருக்க, நடுவில் ஒன்று மட்டும் அப்படி இல்லையென்றால், அதன் மூதாதையும் பூச்சி உண்டிருக்க வேண்டும். பின்னர் அந்தத் திறன் இழக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே எளிய விளக்கம். டயோன்கோஃபில்லேசியிலும் மூன்றில் டிரிஃபியோஃபில்லம் ஒன்றுக்கே அந்தத் திறன் இருப்பதாக அறிந்திருக்கிறோம். துரோசோஃபில்லத்தின் இலை விரியும் விதத்தையும் இங்கே குறிப்பிடலாம். பெரணியின் இளம் இலை உட்பக்கமாகச் சுருண்டிருந்து விரியும். துரோசோஃபில்லத்தில் அது வெளிப்பக்கமாகச் சுருண்டிருக்கும். டிரிஃபியோஃபில்லத்தின் ஒட்டும் இலையும் அதே விதமாக வெளிப்பக்கம் சுருண்டே தோன்றுகிறது. மத்தியதரைக் கடலோரத்தின் குத்துச்செடியும் மேற்கு ஆப்பிரிக்க மழைக்காட்டின் பெருங்கொடியும் ஒரே முறையில் இலை விரிக்கின்றன. வெளித்தோற்றத்தில் நம்பத்தக்க ஒற்றுமை என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான், ஏனெனில் வெளிப்பக்கம் சுருள்வதால் இரண்டுக்கும் பொதுவான பயன் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

இக்கிளை முழுவதும் இன்று கார்யோபில்லேல்ஸ் துறையில் உள்ளது. 1998இல் பூக்கும் தாவரங்களின் இன வரலாற்றுக் குழு வெளியிட்ட முதல் வகைப்பாட்டிலேயே ஆன்சிஸ்ட்ரோகிளாடேசி அங்கே வந்துவிட்டது. 2016இல் வந்த நான்காம் பதிப்பிலும் அங்கேயே இருக்கிறது. நாம் அன்றாடம் சமைக்கும் அரைக்கீரை, தண்டுக்கீரை, பசலை, பீட்ரூட், வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளி, மூக்கிரட்டை, காகிதப்பூ எல்லாம் அதே துறையின் உறுப்பினர்கள். ஆனால் துறைக்குள் இரண்டு பெரும் கிளைகள் உண்டு. பீட்ரூட்டின் செந்நிறத்துக்குக் காரணமான பீட்டாலெயின் நிறமிகள் கீரைகளும் கள்ளிகளும் அடங்கிய கிளைக்கு உரியவை. பூச்சியுண்ணிகளின் கிளையில் அந்நிறமிகள் இல்லை; அதோடு சேர்ந்து நிற்பது கொடிவேலியின் குடும்பமான பிளம்பாஜினேசியும் அதன் உறவினரும்.

கொடிவேலியை இங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. சித்திரமூலம் என்று மருத்துவர்கள் அழைக்கும் அதன் வேரில் பிளம்பாஜின் என்ற மஞ்சள் நிறச் சேர்மம் உள்ளது; தோலில் பட்டால் கொப்புளம் எழுப்பும் காரம் அதனுடையது. அதே பிளம்பாஜினும் அதன் நெருங்கிய சேர்மங்களும் துரோசெராவிலும் நெப்பந்தஸிலும் துரோசோஃபில்லத்திலும் டயோன்கோஃபில்லேசியிலும் ஆன்சிஸ்ட்ரோகிளாடேசியிலும் கிடைக்கின்றன. டிஎன்ஏ பேசத் தொடங்கும் முன்பே வேதியியல் இந்த உறவைச் சொல்லிக்கொண்டிருந்தது. வகைப்பாட்டாளர்கள் அதற்கு உரிய எடை கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அந்த வேதியியலின் தொடக்கத்தில் ஒரு தமிழர் நிற்கிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்து, 1960இல் பட்நாகர் விருது பெற்று, பின்னர் பம்பாயின் சிபா ஆய்வு மையத்தின் இயக்குநரான டி. ஆர். கோவிந்தாச்சாரி, பார்த்தசாரதியுடன் இணைந்து ஆன்சிஸ்ட்ரோகிளாடஸ் ஹெய்னியானஸின் வேரை ஆராய்ந்தார். 1970களின் தொடக்கத்தில் அவர்கள் வெளியிட்ட ஆன்சிஸ்ட்ரோகிளாடின் அதுவரை யாரும் அறியாத ஒரு வகை அல்கலாய்டு (தாவரங்கள் உண்டாக்கும் நைட்ரஜன் கொண்ட சேர்மம்). நாஃப்தலீன் பகுதி ஒன்றும் ஐசோகுவினோலின் பகுதி ஒன்றும் ஒற்றைப் பிணைப்பால் இணைந்தது அது. அந்தப் பிணைப்பைச் சுற்றி இரு பகுதிகளும் தாராளமாகச் சுழல முடியாதபடி பக்கத்துத் தொகுதிகள் தடுக்கின்றன. ஆகவே ஒரே அணுக்கள் ஒரே வரிசையில் இணைந்திருந்தாலும், சுழற்சி எந்தப் பக்கம் நின்றுபோனது என்பதைப் பொறுத்து இரண்டு வெவ்வேறு சேர்மங்கள் உண்டாகின்றன.

பிறகு வூர்ஸ்பர்க்கின் கெர்ஹார்ட் பிரிங்மான் பல பத்தாண்டுகள் இந்தச் சேர்மங்களையே ஆராய்ந்தார். அவருடைய குழு கண்டறிந்தவற்றில் வகைப்பாட்டுக்கு மிக முக்கியமானது, தாவரம் இவற்றை உருவாக்கும் வழி. பொதுவாக ஐசோகுவினோலின் அல்கலாய்டுகள் டைரோசின் போன்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாகும். கசகசாச் செடியின் மார்ஃபின் அவ்வழியில் வந்தது. ஆன்சிஸ்ட்ரோகிளாடஸில் இரண்டு பகுதிகளுமே அசிட்டேட் அலகுகள் கோத்த ஒரே மாதிரியான சங்கிலியிலிருந்து வருகின்றன. பிளம்பாஜின் உருவாவதும் அசிட்டேட் வழியில்தான். கொடிவேலிக்கும் பூச்சியுண்ணிகளுக்கும் பொதுவான பழைய வழியொன்றின் புதிய நீட்சியாக இந்த அல்கலாய்டுகளைக் காண முடியும். இவை ஆன்சிஸ்ட்ரோகிளாடேசி, டயோன்கோஃபில்லேசி ஆகிய இரு குடும்பங்களுக்கு வெளியே கிடைத்ததில்லை. இரு குடும்பங்களும் ஒரே மூதாதையின் பிள்ளைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை உருவ அமைப்பில் தேடிக் காண்பது அரிது.

வகைப்பாட்டுப் பிழையால் என்ன இழப்பு நேரும் என்று கேட்பவர்களுக்கு கேமரூன் நாட்டின் கோருப் காடு விடை வைத்திருக்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் எய்ட்ஸ் கிருமிக்கு எதிரான சேர்மங்களைத் தேடியபோது, மிசௌரி தாவரவியல் தோட்டத்தின் டங்கன் தாமஸ் 1987இல் கோருப்பில் ஒரு கொடியைச் சேகரித்தார். அதன் இலைச் சாறு சோதனைக்குழாயில் எச்ஐவியின் இரு வகைகளையும் தடுத்தது. நாஃப்தலீன்–ஐசோகுவினோலின் அலகுகள் இரண்டு இணைந்த மிச்செல்லமின்கள் என்ற சேர்மங்கள் அதற்குக் காரணம் என்று 1991இல் அறிவிக்கப்பட்டது. அந்த அறிக்கையில் தாவரத்தின் பெயர் ஆன்சிஸ்ட்ரோகிளாடஸ் அப்ரீவியேட்டஸ். ஆய்வைத் தொடரக் கூடுதல் இலைகள் தேவைப்பட்டன. அப்ரீவியேட்டஸ் வேறு இடங்களிலிருந்தும் சேகரிக்கப்பட்டது. அவற்றில் மிச்செல்லமின்களில் ஒன்றான மிச்செல்லமின் பி இல்லை. கோருப் கொடியை மீண்டும் கூர்ந்து ஆராய்ந்த பின்னரே அது அறிவியலுக்கு முற்றிலும் புதிய சிற்றினம் என்பது புரிந்தது. 1993இல் தாமஸும் ஜெரோவும் அதை ஆன்சிஸ்ட்ரோகிளாடஸ் கோருபென்சிஸ் என்று விவரித்தனர்.

பெயர் திருந்திய பிறகு தேடலின் எல்லை சுருங்கியது. நைஜீரிய எல்லையை ஒட்டிய கோருப் காட்டுப் பகுதியில் மட்டுமே வளரும் ஒரு கொடியிலிருந்து மருந்து எடுப்பதென்றால் காட்டையே அழித்துவிடலாம் என்ற அச்சம் எழுந்தது. தரையில் உதிர்ந்த இலைகளிலும் அச்சேர்மம் இருப்பது தெரிந்ததால் கொடிகளை வெட்டாமல் இலைகளைப் பொறுக்க முடிந்தது. நாற்றுகளை வளர்க்கும் முயற்சியும் தொடங்கியது. ஆனால் விலங்குச் சோதனைகளில், கிருமியைத் தடுக்கும் அளவும் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் அளவும் மிக நெருக்கமாக இருப்பது தெரியவந்தது. 1990களின் நடுவில் மருந்தாக்கும் திட்டம் கைவிடப்பட்டது. இதே வகைச் சேர்மங்கள் சில மலேரியாக் கிருமிக்கு எதிராகக் காட்டும் ஆற்றல் இன்னும் ஆராயப்படுகிறது. டிரிஃபியோஃபில்லத்தில் கிடைக்கும் டயோன்கோஃபில்லின் சி, மலேரியா தாக்கிய எலிகளைக் குணப்படுத்தியிருக்கிறது.

கோருப்பில் நடந்த தவறு கவனக்குறைவால் நேர்ந்ததல்ல. அது இப்பேரினத்தின் இயல்பிலேயே இருக்கிறது. கொடிகள் மரங்களின் உச்சியில் பூக்கின்றன, அதுவும் எப்போதாவதுதான். சேகரிப்பவர் கைக்கு எட்டுவது பெரும்பாலும் பூவற்ற கிளையும் தரைமட்டத்து இளஞ்செடியும். இளஞ்செடியின் இலையும் முதிர்ந்த கொடியின் இலையும் அளவில் பெரிதும் வேறுபடும். இப்படிப்பட்ட மாதிரிகளை வைத்துச் சிற்றின எல்லை வகுப்பது கடினம். 2005இல் சார்லட் டெய்லர், ஜெரோ, வால்டர்ஸ் ஆகியோர் இப்பேரினம் முழுவதையும் மறுஆய்வு செய்து ஒழுங்குபடுத்தினர். அதன் பின்னரும் காங்கோ படுகையிலிருந்து புதிய சிற்றினம் விவரிக்கப்பட்டது. பெயரிடப்பட்ட எந்தச் சிற்றினத்தோடும் முழுதும் ஒத்துவராத அல்கலாய்டு தொகுதி கொண்ட கொடிகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. வேதியியலை மட்டும் நம்பிச் சிற்றினம் பிரிப்பது சரியன்று; மண்ணும் வயதும் பருவமும் மாறினால் சேர்மங்களின் அளவும் மாறும். ஆனால் பூவே கிடைக்காத இடத்தில், எங்கே கூர்ந்து பார்க்க வேண்டும் என்பதை அது சுட்டிக்காட்டும்.

ஆன்சிஸ்ட்ரோகிளாடேசியையும் டயோன்கோஃபில்லேசியையும் ஒரே குடும்பமாக இணைத்துவிடலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். இரண்டும் சேர்ந்தாலும் 25 சிற்றினங்களைத் தாண்டாது. அவை உடன்பிறந்த கிளைகள் என்பதிலும் ஐயமில்லை. இணைத்தால் 1851ஆம் ஆண்டுப் பெயரே முன்னுரிமை பெறும். எனினும் இன்றைய வகைப்பாடு அவற்றைத் தனித்தனியே வைத்திருக்கிறது; அது சரியென்றே எனக்கும் தோன்றுகிறது. கொக்கி உருவாகும் உறுப்பு, காயின் அமைப்பு, விதையின் அமைப்பு என்று எதிலும் இவை ஒத்துப்போவதில்லை. இரண்டையும் ஒரு பெயரின் கீழ் கொண்டுவந்தால், அந்தக் குடும்பத்தை வேதியியல் கூடத்துக்கு வெளியே, காட்டில் நின்று, அடையாளம் காணும் பொதுப்பண்பு ஒன்றுமே மிஞ்சாது.

தீராத கேள்வி ஒன்று ஆன்சிஸ்ட்ரோகிளாடஸின் இலையடியில் இருக்கிறது. இலையின் கீழ்ப்புறத்தில் வெறுங்கண்ணுக்குச் சிறு புள்ளிகளாகத் தெரியும் குழிகள் உண்டு. ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு சுரப்பி அமர்ந்து மெழுகைச் சுரக்கிறது. பூச்சியைப் பிடிக்கும் ஒட்டுத் திரவம் அதில் இல்லை. இரையைச் செரிக்கும் வேலையும் இல்லை. மூதாதையின் இலையில் காம்போடு நிமிர்ந்து நின்ற சுரப்பிகள்தாம் இப்படிக் குழிக்குள் ஒடுங்கினவா, அல்லது இவை தொடர்பின்றிப் புதிதாக உருவானவையா என்பதை, டிரிஃபியோஃபில்லத்தின் ஒட்டும் சுரப்பியும் இந்த மெழுகுச் சுரப்பியும் இளம் இலையில் எந்தச் செல்களிலிருந்து எழுகின்றன, எந்தெந்த மரபணுக்கள் அங்கே இயங்குகின்றன என்று அருகருகே வைத்து ஒப்பிட்டால் அறியலாம். அந்த ஒப்பீட்டுக்குத் தேவையான இளஞ்செடிகளில் ஒரு சிற்றினம் கேரளத்தின் காட்டுத் தரையிலேயே முளைத்து நிற்கிறது.